சுற்றுத்தட மிதிவண்டி வீரரின் தொழில்வாழ்வும் அதன் புரவலர்களும்

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிய நூல்கள் அவர்களுடைய உடல்திறனையும் வெற்றிகளையும் விரிவாகப் பேசுகின்றன. அவர்களுக்குச் சோறு போட்டவர் யார், எத்தனை ஆண்டுகள் போட்டார், அதற்கு ஈடாக எதைக் கேட்டார் என்னும் வினாக்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. சுற்றுத்தடத்தில் மிதிவண்டி ஓட்டிப் பிழைத்தவர்களைப் பொறுத்தவரை இந்த வினாக்களுக்கு விடை காணாமல் அவர்களுடைய வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது. கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ளதைப் போன்ற பெருஞ்சந்தை இந்த விளையாட்டுக்கு இன்று இல்லை; இருந்த காலத்திலும் அது நிலைக்கவில்லை. பாணரும் கூத்தரும் புரவலரை நாடி வாழ்ந்ததாகச் சங்க நூல்கள் காட்டுவதைப் போல, இவ்வீரர்களும் கடந்த நூற்று முப்பது ஆண்டுகளில் மூவகைப் புரவலரை அண்டி வாழ்ந்துள்ளனர்: நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளர், வீரர்மீது பணம் கட்டிய பந்தயக்காரர், பதக்கத்தை நாடிய அரசு. புரவலர் மாறியபோதெல்லாம் தொழிலின் நீளம், வருவாய், உரிமை, முடிவு ஆகிய நான்கும் மாறின என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களமும் கருவியும்

இப்பந்தயம் நடைபெறும் அரங்கு வெலோட்ரோம் எனப்படும். ஒலிம்பிக்கிற்கும் உலகச் சாம்பியன் போட்டிகளுக்கும் உரிய தடம் 250 மீட்டர் சுற்றளவு கொண்டது. பெரும்பாலும் பைன் மரச் சட்டங்களை இழைத்துப் பொருத்தி அமைக்கப்படுவது. நேர்ப்பகுதிகளில் சற்றே சாய்ந்திருக்கும் அத்தளம் வளைவுகளில் 42 பாகைக்கும் மேல் நிமிர்ந்து, கீழிருந்து பார்ப்பவருக்குச் சுவர்போலத் தோன்றும். வேகம் தளர்ந்த வண்டி அந்தச் சரிவில் வழுக்கி விழும் என்பதால், வளைவில் வீரருக்குள்ள ஒரே பிடிமானம் வேகம்தான்.

வண்டியும் தெருவில் ஓடும் சைக்கிளிலிருந்து வேறுபட்டது. அதில் பிரேக் கிடையாது. கியர் மாற்றும் அமைப்பு கிடையாது. மிதிக்காதபோதும் சக்கரம் தானே உருள வழிசெய்யும் ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரத்தின் பற்சக்கரம் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். கால்களுக்கு நொடிப்பொழுதும் ஓய்வில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுழலும் பெடலைக் கால்களின் வலுவாலேயே எதிர்த்துத் தடுக்க வேண்டும்.

இத்தடத்தில் நடக்கும் போட்டிகளை விரைவோட்டம், தாங்குதிறன் ஓட்டம் என இரண்டாகப் பகுக்கலாம். விரைவோட்டத்தில் இருவர் மோதும்போது, முன்செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்வருபவர் அவருடைய மறைவில் தம் வலுவைச் சேமித்துக்கொள்ள முடியும் என்பதால், முன்னே செல்ல இருவருமே விரும்புவதில்லை. எதிராளி தம்மைக் கடந்து போகும்வரை பெடல்மேல் நின்றபடி வண்டியை அசையாமல் நிறுத்திவைப்பதும் இதன் ஓர் உத்தி. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் ஜொவான்னி பெத்தெனெல்லாவும் பிரான்சின் பியேர் திராந்தெனும் இவ்வாறு 21 நிமிடம் 57 நொடி அசையாது நின்றனர். தாங்குதிறன் ஓட்டங்களில் முதன்மையானது துரத்தல் போட்டி. இதில் நால்வர் கொண்ட இரு அணிகள் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் புறப்பட்டு 4 கிலோமீட்டர் தொலைவை ஒன்றையொன்று துரத்தியபடி கடக்கின்றன.

இந்தப் பகுப்பு பிழைப்பையும் பகுத்துவிட்டது. துரத்தல் போட்டிக்குப் பழகிய உடல் நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கும் ஏற்றது. சம்பளம் தரும் அணிகள் அங்கேதான் உள்ளன. தடத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரித்தானியர் பிராட்லி விக்கின்ஸ் 2012-இலும், அவரைப் போன்றே தடத்திலிருந்து வந்த ஜெரைன்ட் தாமஸ் 2018-இலும் டூர் தெ பிரான்ஸ் நெடுஞ்சாலைப் பந்தயத்தை வென்றனர். சில நொடிகளில் முழுவலுவையும் வெளிப்படுத்தத் திரண்ட தொடைகளைக் கொண்ட விரைவோட்டக்காரருக்கோ மலைச்சாலையில் இடமில்லை. தடம் கைவிட்டால் அவருக்கு வேறு களமே இல்லை. ஆகவே இனிவரும் ஆய்வு விரைவோட்டக்காரரையே பெரிதும் மையமாகக் கொள்கிறது.

முதற் புரவலர்: நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிதிவண்டித் தடங்கள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. முதல் உலகச் சாம்பியன் போட்டி 1893-இல் சிகாகோவில் நடைபெற்றது; தொழில்முறை வீரர்களுக்கான உலகப் பட்டம் 1895-இல் தொடங்கியது. அக்காலத்து வீரரின் வாழ்வை முழுமையாகக் காட்டுவது மேஜர் டெய்லர் என அழைக்கப்பட்ட மார்ஷல் டெய்லரின் வரலாறு. 1878-இல் இண்டியானாபோலிஸ் நகரில் பிறந்த இந்தக் கறுப்பின வீரர், 1896 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் தொழில்முறை வீரராகக் களம் இறங்கி, 1899-இல் மொன்ட்ரியாலில் ஒரு மைல் விரைவோட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனார். தென்மாநிலத் தடங்கள் நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு வாயிலை அடைத்தன. அனுமதித்த தடங்களிலோ உடன் ஓடிய வெள்ளையர் பலர் கூட்டுச் சேர்ந்து அவரை நெருக்கி மறித்தனர். ஆயினும் அவர் பெயரைக் கேட்டால் சீட்டுகள் விற்றதனால் போட்டி அமைப்பாளர்களால் அவரை ஒதுக்கிவிட முடியவில்லை.

பார்வையாளரைப் புரவலராகக் கொண்ட முறையின் வலிமை இங்கே வெளிப்படுகிறது. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த டெய்லர் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத்தில் ஓட மறுத்தார். ஐரோப்பியத் தடங்களுக்கு ஞாயிறே பெருவருவாய் தரும் நாள். அவ்வாறிருந்தும் 1901-இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்தவர்கள் அவருக்காகப் பந்தய நாள்களை மாற்றி அமைத்தனர். அவ்வாண்டு மே மாதம் பாரிசில் பிரெஞ்சுச் சாம்பியன் எத்மோன் ஜாக்லேனிடம் முதல் போட்டியில் தோற்ற டெய்லர், மறுபோட்டியில் அவரை வென்றார். கூட்டத்தை ஈர்க்கும் வீரரின் சொல் அம்பலம் ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அம்முறையின் வலுவின்மையும் அதே வாழ்வில்தான் தெரிகிறது. 1910-இல் ஓய்வு பெற்ற டெய்லர், ஈட்டிய பொருளைத் தொழில் முயற்சிகளில் இழந்து, 1928-இல் தம் தன்வரலாற்றைத் தாமே அச்சிட்டு விற்று நாள் கழித்து, 1932-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் இலவசப் பிரிவில் இறந்து, பெயர்ப் பலகையும் இல்லாத குழியில் அடக்கம் செய்யப்பட்டார். 1948-இல் முன்னாள் வீரர்கள் ஒன்றுகூடி அவருடைய உடலை எடுத்து உரிய கல்லறையில் வைத்தனர். கைதட்டிய பல்லாயிரவரில் எவருக்கும் அவர்பால் கடப்பாடு இருக்கவில்லை. சீட்டு வாங்கியவரின் கடமை அன்றைய ஆட்டத்தோடு முடிந்துபோயிற்று.

இதே புரவலரின் மற்றொரு படைப்பு ஆறுநாள் பந்தயம். தொடக்கத்தில் ஒருவரே ஆறு நாளும் இரவு பகலாக ஓட்ட வேண்டியிருந்தது. வீரர்கள் உறக்கமின்றி மதிமயங்கி வண்டியிலிருந்து சரிவதையே காணக் கூட்டம் கூடியது. டெய்லரும் 1896-இல் அத்தகைய பந்தயமொன்றில் 1,700 மைலுக்கும் மேல் ஓட்டி எட்டாம் இடம் பெற்றார். ஒருவர் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என நியூயார்க்கில் சட்டம் வந்த பின்னர், அமைப்பாளர்கள் இருவரை ஓரணியாக்கி மாறிமாறி ஓடவிட்டனர். சட்டத்துக்கு ஈடுகட்டப் பிறந்த இந்த ஏற்பாடே மாடிசன் சதுக்க அரங்கின் பெயரால் மாடிசன் போட்டி ஆயிற்று. இதில் ஓடிக்களைத்தவர், மெதுவாகச் சுற்றிவரும் தம் கூட்டாளியின் கையைப் பற்றி, தம் வேகம் முழுவதையும் அந்த ஒரு பிடியின் வழியே அவருக்குக் கொடுத்து முன்னே வீசிவிடுவார். இருபதுக்கும் மேற்பட்டோர் நெருங்கி ஓடும் தடத்தில், ஒரு கையை மட்டும் ஹேண்டில்பாரில் வைத்தபடி இருவரும் இதைச் செய்தாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மங்கிய ஆறுநாள் பந்தயம், ஐரோப்பிய நகரங்களில் குளிர்காலப் பிழைப்பாக நிலைபெற்றது. பெல்ஜியத்தின் பாட்ரிக் செர்க்கு 1964-இல் ஒலிம்பிக் தங்கம் வென்றபின் தொழில்முறைக்கு வந்து, 223 ஆறுநாள் பந்தயங்களில் பங்கேற்று 88-இல் வென்றார். இதுவே இன்றுவரை மிக உயர்ந்த எண்ணிக்கை. தடத்தின் ஓரத்தில் பலகையடித்த சிறு தடுப்பறையில் படுத்து எழுந்து, ஒரு நகரத்தில் முடிந்ததும் அடுத்த நகரத்துக்கு விரைந்து, குளிர்காலம் முழுவதும் ஓடிக்கொண்டே இருப்பதாக ஆறுநாள் வீரர்களது வாழ்வு அமைந்தது. கூட்டத்தை ஈர்க்கும் ஆற்றலைப் பொறுத்து அமைப்பாளர் பேசித் தரும் ஒப்பந்தத் தொகையே இவர்களுடைய வருவாயின் அடிப்படையாக இருந்தது. இத்தொழிலில் உயிர் ஆபத்தும் கலந்திருந்தது: மாடிசன் உலகச் சாம்பியனான ஸ்பெயின் வீரர் இசாக் கால்வெஸ், 2006 நவம்பரில் கெண்ட் நகர ஆறுநாள் பந்தயத்தில் தடுப்புக் கம்பியில் மோதி இறந்தார். மியூனிக், டார்ட்முண்ட் ஆகிய நகரங்களில் இப்பந்தயங்கள் இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே நின்றுபோனது முதற்புரவலரின் கை சுருங்கியதற்கு அடையாளம்.

இரண்டாம் புரவலர்: பணம் கட்டிய பந்தயக்காரர்

இரண்டாம் உலகப்போரில் சிதைந்த நகரங்களை மீட்டெழுப்ப நிதி தேடிய ஜப்பானிய உள்ளாட்சிகளுக்கு 1948-இல் இயற்றப்பட்ட மிதிவண்டிப் பந்தயச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. அவ்வாண்டு நவம்பரில் கொக்குரா நகரில் தொடங்கிய கெய்ரின் என்னும் பந்தயம், நம் ஊர்களில் குதிரைப்பந்தயம் இருந்ததைப் போலச் சீட்டு வாங்கிப் பணம் கட்டும் முறையில் அமைந்தது. வேறுபாடு, இங்கே மக்கள் பணம் கட்டியது மனிதர்கள்மீது. ஒன்பதுபேர் வரை ஓடும் பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் எண்ணுக்கேற்ற நிறச்சட்டை உண்டு: முதலாம் எண்ணுக்கு வெள்ளை, இரண்டுக்குக் கறுப்பு, மூன்றுக்குச் சிவப்பு, ஒன்பதுக்கு ஊதா. நாடு முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட தடங்களில் ஈராயிரத்துக்கும் அதிகமான வீரர்கள் இதைத் தொழிலாகக் கொண்டு வாழ்கின்றனர். உலகில் வேறெங்கும் தட வீரர்கள் இத்தனைபேர் இவ்வாறு குடும்பம் நடத்தியதில்லை.

இத்தொழிலுக்குள் நுழைய இசு தீபகற்பத்தில் உள்ள பயிற்சிப் பள்ளியில் விடுதியிலேயே தங்கிப் படித்துத் தேர்ச்சி பெற வேண்டும். பின்னர் வீரர் தரவரிசைப் பிரிவுகளில் சேர்க்கப்படுகிறார். ஈட்டிய புள்ளிகளைப் பொறுத்து அரையாண்டுக்கு ஒருமுறை மேலேறவோ கீழிறங்கவோ செய்கிறார். கடைநிலையில் தொடர்ந்து தேங்குபவருடைய பதிவு நீக்கப்படுகிறது. நாற்பது வயதைக் கடந்தும், ஐம்பதைத் தாண்டியும் ஓடுவோர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஏற்ற தரத்தில் போட்டி இருப்பதனால், உச்சத்தை இழந்த வீரருக்கும் ஊதியம் கிடைக்கிறது. உலகின் பிற பகுதிகளில் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும் தொழில், இங்கே ஓர் ஆசிரியரின் பணிக்காலம் அளவுக்கு நீள்கிறது.

கொய்ச்சி நாக்கானோ இம்முறையின் சிகரம். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் தொழில்முறை விரைவோட்டத்தில் உலகச் சாம்பியனாக விளங்கிய அவர், 1980-இல் ஓராண்டில் 10 கோடி யென்னுக்கு மேல் பரிசுப்பணம் ஈட்டிய முதல் ஜப்பானியத் தொழில்முறை விளையாட்டு வீரரும் ஆனார். உலகப் பட்டத்தைவிட உள்நாட்டுப் பந்தயமே அவருக்குப் பெரும்பொருள் தந்தது என்பது கருதத்தக்கது.

இப்புரவலர் கேட்ட விலை வேறு. பணம் கட்டுவோரின் நம்பிக்கை கெடாதிருக்க, பந்தயத்துக்கு முந்திய நாளே வீரர் தடத்துக்கு வந்து, வண்டியைச் சோதனைக்கு விட்டு, தொலைபேசியை ஒப்படைத்து, பந்தயத் தொடர் முடியும்வரை வெளியுலகத் தொடர்பின்றி விடுதியிலேயே தங்க வேண்டும். ஆண்கள் பந்தயங்களில் அனைவரும் அங்கீகாரம் பெற்ற உறுப்புகளால் ஆன எஃகு வண்டியையே ஓட்ட வேண்டும். சாம்பியனுக்கும் கடைநிலை வீரருக்கும் கருவியில் வேறுபாடு இருக்கக் கூடாது. இதன் விளைவு ஒலிம்பிக்கில் தெரிகிறது. 2000-இல் கெய்ரின் ஒலிம்பிக் போட்டி ஆனபோதிலும், கார்பன் வண்டியும் மரத்தடமும் வேறு விதிகளும் கொண்ட அந்த அரங்கில் ஆண்கள் கெய்ரினில் ஜப்பான் பெற்ற ஒரே பதக்கம் 2008-இல் கியோஃபூமி நாகாய் வென்ற வெண்கலம். ஒரு புரவலருக்காக வளர்த்த திறன் மற்றொரு புரவலரின் அவையில் அப்படியே செல்லுபடியாவதில்லை.

மூன்றாம் புரவலர்: பதக்கம் நாடிய அரசு

நெடுங்காலம் ஒலிம்பிக் போட்டிகள் ஊதியம் பெறாதவர்க்கே உரியவையாக இருந்தன. 1993-இல் உலகச் சாம்பியன் போட்டிகளில் தொழில்முறையாளர், ஊதியம் பெறாதவர் என்னும் பிரிவு நீங்கியது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் தொழில்முறை வீரர்களுக்கு வழி திறந்தது. அதன்பின் இப்பந்தயத்தின் மையம் அரங்க வாயிலிலிருந்து அமைச்சகத்துக்கு நகர்ந்தது. பிரித்தானியாவில் 1994-இல் மான்செஸ்டர் வெலோட்ரோம் திறக்கப்பட்டது. 1997 முதல் தேசிய லாட்டரியின் வருவாய் வீரர்களின் மாத உதவித்தொகைக்கும் பயிற்சிக்கும் வழங்கப்பட்டது. 2008-இல் பெய்ஜிங்கிலும் 2012-இல் லண்டனிலும் தடத்தின் பத்துத் தங்கங்களில் ஏழை அந்நாடு வென்றது. ஜெர்மனியில் கிறிஸ்டினா ஃபோகெல் போன்ற வீரர்கள் கூட்டாட்சிக் காவல்துறையில் பணியமர்த்தப்பட்டுச் சம்பளம் பெற்றபடியே பயிற்சி செய்தனர். ரயில்வேயிலும் ராணுவத்திலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெறும் இந்திய வீரர்களின் நிலையோடு இது ஒப்பிடத்தக்கது.

அரசு என்னும் புரவலரின் குறை, அது வீரரைக் கருதாமல் பதக்கப் பட்டியலைக் கருதுவது. ஸ்காட்லாந்தின் கிறிஸ் ஹோய் 2004-இல் ஏதென்சில் ஒரு கிலோமீட்டர் நேர ஓட்டத்தில் தங்கம் வென்றார். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுத் தனியே நான்கு சுற்றுகளை ஒரு நிமிட அளவில் முடிக்கும் இப்போட்டிக்காகவே அவர் தம் உடலைப் பல ஆண்டுகள் பழக்கியிருந்தார். அடுத்த ஆண்டே அப்போட்டி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. தோற்காமலே தொழிலை இழக்கும் நிலைக்கு உள்ளான அவர், எதிராளியின் அசைவைப் படிக்கும் கலையை இருபத்தெட்டு வயதுக்குமேல் கற்று, விரைவோட்டத்துக்கும் கெய்ரினுக்கும் மாறி, 2008-இல் மூன்று, 2012-இல் இரண்டு என மேலும் ஐந்து தங்கங்களை வென்றார். எல்லா வீரர்க்கும் அத்தகைய மறுபிறவி வாய்ப்பதில்லை. 2008-க்குப் பின் தனிநபர் துரத்தல் போட்டியும் ஒலிம்பிக்கில் இடம் இழந்தபோது, அதையே நம்பியிருந்தவர்களின் உழைப்பும் ஒரு குழுவின் கையொப்பத்தால் மதிப்பிழந்தது.

பெண்களின் நிலை

பந்தயக்காரரும் அரசும் பெண்களுக்கு நிலையாகவோ உரிய காலத்திலோ கை கொடுக்கவில்லை. ஜப்பானில் 1949-இல் தொடங்கிய பெண்கள் கெய்ரின் 1964-இல் நிறுத்தப்பட்டு, 48 ஆண்டுகள் கழித்து 2012-இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட இரண்டு தலைமுறைப் பெண்களுக்கு அத்தொழில் மறுக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896 முதல் தடத்தில் ஓட, பெண்களுக்கு முதல் போட்டி 1988-இல்தான் வந்தது. அதை வென்ற எரிகா சலுமியே, விடுதலை பெற்ற எஸ்தோனியாவுக்காக 1992-இல் ஓடி மீண்டும் வென்றார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் போட்டிகளின் எண்ணிக்கை சமமானது 2012-இல். அரசு புரவலரான பின்னரே, பதக்கம் யாருடையதாயினும் ஒன்றே என்னும் கணக்கினால் இச்சமநிலை எட்டப்பட்டது; காரணம் எதுவாயினும் இது வரவேற்கத்தக்க விளைவே.

காயமும் ஓய்வும்

புரவலரின் மதிப்பை அளக்கும் உரைகல் வீரர் விழும் நாள். 2011-இல் மான்செஸ்டரில் கெய்ரின் இறுதியில் விழுந்த மலேசியாவின் அஸீசுல்ஹஸ்னி அவாங், தடத்தின் 20 சென்டிமீட்டர் மரச்சிம்பு கெண்டைக்காலின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவந்த நிலையில், மீண்டும் வண்டியேறி எல்லைக்கோட்டைக் கடந்து மூன்றாம் இடம் பெற்றார். அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டுவந்து 2016-இல் ஒலிம்பிக் வெண்கலம், 2017-இல் உலகப் பட்டம், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி என உயர்ந்தார். ஆஸ்திரேலியாவின் ஆனா மியர்ஸ் 2008 ஜனவரியில் கழுத்தெலும்பு முறிந்து, ஏழு மாதங்களில் பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார். ஃபோகெலுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை; இரு ஒலிம்பிக் தங்கங்களும் பதினொரு உலகப் பட்டங்களும் பெற்ற அவர், 2018 ஜூனில் காட்புஸ் நகரில் பயிற்சியின்போது மற்றொரு வீரர்மீது மோதி, மார்புக்குக் கீழே உணர்விழந்தார். அதற்கு மறு ஆண்டே எர்ஃபுர்ட் நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இலவசப் பிரிவில் இறந்த டெய்லரின் முடிவுக்கும் ஃபோகெலின் இரண்டாம் வாழ்வுக்கும் இடையே அவரவர் மனவுறுதி மட்டும் நிற்கவில்லை. பணிப் பாதுகாப்பும் மருத்துவ ஏற்பாடும் கொண்ட ஒரு சமூகமும் நிற்கிறது.

முடிவுரை

பார்வையாளர் வீரருக்குத் தன்மதிப்போடு மறுத்துப் பேசும் உரிமையைத் தந்தார்; நாளையைத் தரவில்லை. பந்தயக்காரர் நெடிய பணிக்காலத்தைத் தந்தார், அடைத்துவைத்தார். அரசு மருத்துவத்தையும் சம்பளத்தையும் தந்தது. ஒரு போட்டியைப் பட்டியலிலிருந்து நீக்கும் நாளில் அவற்றையும் திரும்பப் பெறக்கூடும். மூன்றிலும் சிறந்தது எது எனத் தேர்வதைவிட, மூன்றும் தந்த நன்மைகளை ஒரே முறைக்குள் கொண்டுவருவதே அறிவுடைமை: மறுத்துப் பேசும் உரிமை டெய்லரின் காலத்திலிருந்தும், வயதுக்கும் தரத்துக்கும் ஏற்ற போட்டிப் படிநிலைகள் ஜப்பானிலிருந்தும், நிலையான அரசுப்பணி ஜெர்மனியிலிருந்தும் கற்றுக்கொள்ளத்தக்கவை.

இந்தியாவுக்கு இது காலத்துக்கேற்ற பாடம். 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் உள்ளரங்க வெலோட்ரோம் கட்டப்பட்டது. அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-இல் இளையோர் உலகப் போட்டியின் கெய்ரினில் வெள்ளி வென்றார். 2019-இல் இந்திய இளையோர் அணி விரைவோட்டத்தில் உலகத் தங்கத்தையே வென்றது. இளையோரில் உலகை வென்றவர்கள் மூத்தோர் பிரிவில் நிலைக்க வேண்டுமானால், அவர்களுக்குத் தேவைப்படுவது பரிசளிப்பு விழாவைத் தாண்டிய இருபது ஆண்டுத் திட்டம். தடம் அமைக்க மரம் வாங்கும் அரசு, அதில் ஓடப்போகும் பிள்ளையின் படிப்புக்கும், விழுந்தால் மருத்துவத்துக்கும், ஓய்ந்தபின் வேலைக்கும் அதே திட்ட மதிப்பீட்டில் தொகை ஒதுக்க வேண்டும்.